இரண்டாவது கால்குலேட்டர்

சிம்பாங் அம்பாட் தொழிற்பேட்டையிலிருந்து பெரிய சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது இடது செருப்பின் வார் அறுந்தது. தோளில் ஒரு பை, கக்கத்தில் ஒரு தலையணை. தலையணை தொழிற்சாலை விடுதியுடையது. அதை ஏன் எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. வழியில் செருப்புக் கடை எதுவும் இல்லை. பையைத் துழாவியபோது பழைய சார்ஜர் வயர் ஒன்று அகப்பட்டது. செருப்பையும் காலையும் சேர்த்து அதனால் இரண்டு சுற்று சுற்றிக் கட்டிக்கொண்டு மேலே நடந்தேன்.

வேலை போனதற்குக் காரணம் என் வாய்தான். அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த கைப்பேசிக் கடையில் இருந்தேன். உடைந்த கண்ணாடியை மாற்றுவது, உறை போடுவது, திரைமேல் வழவழப்புத் தாள் ஒட்டுவது. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு அது நல்ல படிப்பு. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விட்ட தாயைப் போல் நகராமல் நிற்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன். அப்படி நிற்கிறவரின் கைப்பேசியில் ஒரே சாமான், அதாவது ஒரே செயலி, இரண்டு இருக்கும். இரண்டு கால்குலேட்டர், அல்லது இரண்டு டார்ச் லைட். புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டாத மனிதருக்குத் திசைகாட்டி இருக்கும். அது திசைகாட்டி இல்லை. வெளியே திசைகாட்டி மாதிரி முள் ஆடும்; உள்ளே ரகசிய எண்ணைப் போட்டால் படங்களும் வீடியோவும் வைக்கிற அலமாரி. கால்குலேட்டரும் அப்படியே. கூட்டினால் கூட்டும், கழித்தால் கழிக்கும். குறிப்பிட்ட எண்ணை அழுத்தினால் திறக்கும்.

இந்த அறிவை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எங்கள் சூப்பர்வைசர், கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டது என்று புலம்பினார். நான் வாங்கிப் பார்த்தேன். "பாஸ், ரெண்டு கால்குலேட்டர் வச்சிருக்கீங்க. அதுல ஒண்ணுதான் முக்காவாசி இடத்தத் தின்னுது. கால்குலேட்டருக்கு எதுக்கு அவ்ளோ பசி?" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவருடைய மனைவி அதே மேசையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆள் அதிகமாகிவிட்டது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். ஆள் அதிகமான அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பட்டர்வொர்த் போகும் பேருந்தில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் யாருடைய கைப்பேசியையும் தொடுவதில்லை. தானாக வந்து கையில் விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த முடிவு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாங்கியது.

ஃபெரியில் கடலைக் கடந்து, படகுத்துறையிலிருந்து டத்தோ கிராமாட் வரைக்கும் நடந்தேன். அங்கே என் நண்பன் ஒருவன் வாடகை அறையில் இருந்தான். கதவைத் திறந்த சீனர், அவன் சிங்கப்பூருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது என்றார். தலையணையைப் பார்த்துவிட்டு, "நோ ரூம்" என்று நான் கேட்காததற்கும் பதில் சொன்னார். பசி வந்தது. அடுத்த தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது.

மதியக் கூட்டம் வடிந்திருந்தது. கல்லாவில் ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் புடவை, சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் பொருந்தாத இறுக்கமான முகம். குழம்புச் சட்டிகளுக்குப் பின்னால் அவருடைய கணவர். அவரும் மஞ்சள் வேட்டி. தாடி, கழுத்தில் மாலை, காலில் செருப்பு இல்லை. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. காவடிக்கு விரதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. விரதக்காரர் ஆட்டுக்கறி கிளறிக்கொண்டிருந்தது சற்று வேடிக்கையாக இருந்தது. ஆனால் வயிற்றுப் பாட்டுக்கு முன்னால் வேடிக்கை பார்க்க எனக்கு என்ன தகுதி?

சோறு, பயற்றங்காய்ப் பிரட்டல், ரசம், ஆட்டுக்கறிக் குழம்பு. பயற்றங்காய் அருமை. ரசம் இரண்டு முறை வாங்கிக் குடிக்கலாம் போல இருந்தது. ஆட்டுக்கறியை வாயில் வைத்தேன். ஃபெரியிலிருந்து தவறிக் கடலில் விழுந்து ஒரு வாய் குடித்தது மாதிரி இருந்தது. ஒரே கைதான் சமைத்ததா என்று நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கார அண்ணன் கைப்பேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ படம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக் குடித்து இலையை முடித்தேன்.

மூன்று மணிக்கு அவர் கைப்பேசியைச் சார்ஜில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு அப்படியே கோயிலுக்குப் போவது அவருடைய விரத வழக்கம். கோயிலுக்குக் கைப்பேசி எடுத்துப் போவதில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா என் மேசைக்கு வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.

"அது சார்ஜர் வயருதானே தம்பி?"

"ஆமாக்கா. வார் அறுந்துருச்சு."

"ஹேண்ட்போன் கடையில வேலை செஞ்சியா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒரு வருசம்," என்றேன்.

அக்கா போய் சார்ஜிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் இலைப் பக்கத்தில் வைத்தார். "கால்குலேட்டர்ல பொம்பள மூஞ்சி தெரியுமா?"

எனக்கு விக்கியது. அக்கா நின்றபடியே சொல்லி முடித்தார். போன வருடம் அவருக்கு மார்பில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சையின்போது கணவர் வேண்டிக்கொண்டார்: கட்டி கெட்டதாக இல்லாவிட்டால் தண்ணீர்மலை முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காவடி எடுப்பதாக. கட்டி கெட்டது இல்லை. இப்போது விரதத்தில் இருபத்தேழாம் நாள். அக்காவும் கூட விரதம். காவடிக்குப் பக்கத்தில் பால்குடம் எடுக்கப் போகிறவர். நாலு நாளுக்கு முன்னால் பின்பக்கம் போனபோது, கணவர் முக்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு பெண்ணின் முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுச் சாயம், சிரிப்பு. அக்கா வந்ததும் விரலால் ஒரு தட்டு. முகம் போய் கால்குலேட்டர் வந்துவிட்டது.

"என்னாங்க அதுன்னு கேட்டேன். கணக்குப் பாக்குறேன்னாரு. இருபத்தி ரெண்டு வருசமா மனக்கணக்குத்தான். எட்டு பேரு சாப்புட்டு எந்திரிச்சா வாயாலேயே சொல்லிடுவாரு. இப்ப என்னா திடீர்னு கணக்கு?"

"ஒருவேளை..."

"என் உசுருக்கு வேண்டிக்கிட்ட விரதம் தம்பி. அதுல இன்னொருத்தி மூஞ்சிய வச்சுப் பாத்துக்கிட்டு அந்தக் காவடியத் தூக்குவாரா? நான் பக்கத்துல பால்குடத்தோட நடக்கணுமா?" அரிசி மூட்டைக்குப் பக்கத்தைக் காட்டினார். ஜிப் இழுத்து மூடிய பை ஒன்று நின்றுகொண்டிருந்தது. "பாலிக் புலாவ்ல எங்கண்ணன் வீடு இருக்கு. அஞ்சரைக்கு பஸ்ஸு. நீ பாத்துச் சொல்லு. அவ இருக்கான்னா நான் ஏறிடுவேன். இல்லன்னா இல்ல."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அக்கா, நான் இனிமே ஹேண்ட்போன் பாக்குறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

"அப்ப நாளைக்கு மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்லா," என்று திரையில் விரலால் வேல் வடிவம் வரைந்து பூட்டைத் திறந்தார். கணவர் எல்லார் முன்னாலும் அப்படித்தான் திறப்பாராம். பூட்டைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்.

தொட்டேன். இரண்டு கால்குலேட்டர் இருந்தது. ஒன்று கைப்பேசியோடு வந்தது, யாரும் தொடாதது. மற்றது நீலக் கட்டம் போட்டது. அதில் எட்டும் எட்டும் போட்டேன், பதினாறு என்றது. அக்கா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது. அமைப்புகளுக்குள் போய் அந்தச் சாமான் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். மெலிந்த ஆள் என்று வீட்டுக்குள் விட்டால் அண்டாச் சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பவனைப் போல இருந்தது அது. கேமராவுக்கு அனுமதி வாங்கியிருந்தது. படங்களுக்கு அனுமதி, ஒலிவாங்கிக்கு அனுமதி.

"கூட்டல் கணக்குக்குக் கேமரா எதுக்குக்கா? இது கால்குலேட்டர் இல்ல. உள்ள நெறைய இருக்கு. வீடியோ மாதிரிதான் இருக்கு. திறக்க நம்பர் வேணும், அது எனக்குத் தெரியாது."

அக்கா கல்யாணத் தேதியைப் போட்டார். கூட்டல் கணக்காக எடுத்துக்கொண்டு வெறுமனே நின்றது. தன் பிறந்த நாளைப் போட்டார். கடை மோட்டார் வண்டியின் எண்ணைப் போட்டார். "அவ பொறந்த நாளாத்தான் இருக்கும்," என்று கைப்பேசியை மேசையில் குப்புற வைத்தார்.

நான் மெதுவாக எழுந்து தலையணையை எடுத்தேன். நேற்று ஒரு குடும்பம், இன்று ஒரு குடும்பம். இந்த வேகத்தில் போனால் வாரத்துக்குள் பினாங்கில் எவனும் என்னைப் படியேற்ற மாட்டான்.

"எங்க கெளம்புற? உக்காரு."

"அண்ணன் வந்தா..."

"அதுக்குத்தான். நீ போயிட்டா அவரு கணக்கு பாத்தேம்பாரு. எனக்கு இந்த அனுமதி கினுமதில்லாம் சொல்லத் தெரியாது. சாட்சிக்கு இரு." தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். சாட்சிக்குத் தேத்தண்ணீர் கொடுத்த வழக்கு அதுதான் எனக்கு முதல். நான் சுவரோரம் உட்கார்ந்து குடித்தேன்.

நாலே முக்காலுக்கு அண்ணன் நெற்றி நிறையத் திருநீற்றோடு, "முருகா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். மேசையில் கைப்பேசி. அரிசி மூட்டையோரம் பை. அதற்குப் பக்கத்தில் தலையணையோடு நான். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் அவருக்கு அதிகம் புரியவில்லை.

"இந்த தம்பி யாரு? இங்கதானே சாப்புட்டுச்சு?"

"அது இருக்கட்டும். எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க," என்றார் அக்கா. "எட்டும் எட்டும்."

"பதினாறு."

"கால்குலேட்டர்ல போட்டுச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியோடு வந்த கால்குலேட்டரைத் திறந்தார்.

"அதுல வேணாம். நீலக் கட்டத்துல போடுங்க."

சிரிப்பு நின்றது. திருநீற்றுக்குக் கீழே வியர்த்தது. "எல்லாம் ஒண்ணுதானம்மா."

"ஒண்ணு இல்ல. அதுக்குக் கேமரா வேணுமாம். மைக்கு வேணுமாம். தம்பி, சொல்லு."

"கேமரா அனுமதி இருக்குண்ணே," என்றேன் தேத்தண்ணீர்க் கோப்பையிடம்.

"யாருடா நீ?"

"அவன ஏன் கேக்குறீங்க? அவ யாரு? அதச் சொல்லுங்க. அஞ்சரைக்கு எனக்கு பஸ்ஸு."

"எவ?"

"உதட்டுச் சாயக்காரி!"

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு, அவமானப்பட்ட மனிதர் சட்டைப் பொத்தானைப் போடுவது போல் நிதானமாக எண்ணை அழுத்தினார். நாலு எட்டு, நாலு எட்டு. விரத நாள் கணக்கை இரண்டு முறை. திறந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முதல் வீடியோவில் ஒரு போலீஸ்காரர் ஆட்டுக்கறி மென்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். இரண்டாவதில் தடித்த கண்ணாடி போட்ட சீனப் பெரியவர் மீன் தலையோடு போராடினார். மூன்றாவதில் ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஊறுகாயை நோக்கிக் கை நீட்டியது. அக்கா விரலால் தள்ளிக்கொண்டே போனார். வாய், வாய், வாய். ஆண் வாய், பெண் வாய், பல் இல்லாத வாய். உதட்டுச் சாயக்காரியும் இருந்தாள், பக்கத்து அலுவலகத்துப் பெண். சோற்றை மென்றுகொண்டே தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"இது என்னாங்க?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "உப்பு."

"என்னா?"

"உப்பும்மா! கறிக்கு உப்பு சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாக்குல வைக்க முடியுமா? நீயும் விரதம். பாத்திரம் கழுவுற சீன அம்மா சைவம். யார நக்கிப் பாக்கச் சொல்றது?"

விஷயம் இதுதான். விரதம் தொடங்கும் முன்னால் அக்கா, நாற்பத்தெட்டு நாளைக்குக் கறி வேண்டாம், மரக்கறி மட்டும் போடுவோம் என்று சொல்லியிருக்கிறார். வாடிக்கை போய்விடும், என் கை அளவு தப்பாது, கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவேன் என்று அண்ணன் சபதம் போட்டிருக்கிறார். மூன்றாம் நாளே கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை வீட்டில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேறு ஆளைச் சுவைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. "என் சட்டிக்கு இன்னொருத்தன் நாக்கா?" என்று அப்போதும் கேட்டார். அதனால் சாப்பிடுகிறவர்களின் முகத்தை ஒளிந்து படம் எடுத்து, கடை ஓய்ந்ததும் முக்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறார். உப்புக் கூடினால் கண் சுருங்கும். குறைந்தால் கை ஊறுகாய்க்குப் போகும். சரியாக இருந்தால் குனிந்த தலை நிமிராது. அதைப் பார்த்து மறுநாள் அளவைத் திருத்துவார்.

"அந்தப் பொண்ணு மூஞ்சி மட்டும் பொய் சொல்லாதும்மா. கண்ணாடி மாதிரி."

"அதுக்கு அவளுக்கு மட்டும் பதினோரு வீடியோவா?"

"போலீஸ்காரருக்குப் பதினாலு இருக்கு, எண்ணிப் பாரு!"

அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புதான். கடைசி வீடியோவுக்கு வந்தபோது கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டார். அதில் நான் இருந்தேன். ஆட்டுக்கறியை வாயில் வைக்கிறேன். ஒரு கண் மூடுகிறது, மற்றது விரிகிறது, காது பின்னுக்குப் போகிறது. பக்கத்து நாற்காலியில் தலையணை சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. என் முகத்துக்கு இவ்வளவு வேலை தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் துண்டை விலக்கிப் பார்த்தார். "இன்னிக்கு அவ்ளோ கூடிப்போச்சா?"

"கடல் மாதிரிண்ணே."

"நேத்தியது?"

"நேத்து நான் சிம்பாங் அம்பாட்ல இருந்தேன்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "ஊரு ஜனத்தக் கேக்காம வீடியோ எடுத்திருக்கீங்க. ஒருத்தன் பாத்தா கடையே இருக்காது. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா என்னா நெனைக்கும்? நான் நெனச்சதத்தானே நெனைக்கும்? எல்லாத்தையும் அழிங்க. இப்பவே. என் முன்னால."

அழித்தார். அந்த நீலக் கட்டத்தையும் நீக்கச் சொல்லி அக்கா என்னைப் பார்த்தார். என்னுடைய வீடியோ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டார். நான் சரி என்றேன். அக்கா முறைத்ததும் அதுவும் போனது, நீலக் கட்டமும் போனது.

"அப்ப நாளைக்கு உப்புக்கு நான் என்னா பண்றது?" என்று அண்ணன் கைகளை விரித்தார். அக்கா தெருவைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கடைசியில் என் தலையணையைப் பார்த்தார்.

"தம்பி, நீ விரதமா?"

"இல்லக்கா. எது கெடச்சாலும் சாப்புடுவேன்."

"தங்க எடம்?"

தலையணையைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணன் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். இன்னொருத்தன் நாக்கைச் சட்டிக்குள் விடுவதா என்று முருகனிடம் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து என் காலைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடி தோல் செருப்பை எடுத்து வந்து போட்டார். விரதத்தில் அவர் செருப்புப் போடுவதில்லை. இருபத்தேழு நாளாக அது சும்மா கிடந்தது.

"தைப்பூசம் வரைக்கும் போட்டுக்க. அப்புறம் எனக்கு வேணும்."

அஞ்சரை பஸ் கடையைத் தாண்டிப் போனது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பையைத் திறந்து, மடித்த புடவைகளை எடுத்து உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பை இருந்த இடத்தில் என் பையை வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலையில் சேர்ந்தேன். அவருடைய செருப்பு ஒரு அளவு பெரியது. முகம் கழுவி, வாய் கொப்பளித்து, அடுப்புக்கு எதிரே நின்றேன். அண்ணன் ஆட்டுக்கறிக் குழம்பைக் கரண்டியில் எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். நக்கினேன். அவர் ஒரு பக்கமும் அக்கா மறுபக்கமும் குனிந்து என் முகத்தையே பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத," என்றார் அண்ணன். "மூஞ்சிய மட்டும் காட்டு."